எக்ஸ்ரேயில் தெரியாத நாரி நோ: கோல்ஃப் வீரர்களை அளந்தபோது தெரிந்தவை

செயற்கைக் காலுடன் நடக்கும் என் சின்னம்மாவுக்குப் பல வருடங்களாக நாரி நோ. எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். அதன் பிறகு வீட்டிலும் அவர் சொல்வதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. முள்ளந்தண்டில் விழும் சுமையை எப்படித்தான் அளக்கிறார்கள் என்று தேடப்போய், நான் ஒருநாளும் விளையாடாத கோல்ஃபில் வந்து நின்றேன்.

பணமும் கருவிகளும் அங்கேதான் இருக்கின்றன. காரணமும் இருக்கிறது. டைகர் வூட்ஸுக்கு 2014 இல் முதுகில் முதல் சத்திரசிகிச்சை. 2017 இல் நான்காவது. பந்தை அடிக்கும் கணத்தில், உடல் எடையைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு விசை நாரியை அழுத்துவதாக 1990 இல் அமெரிக்க ஆய்வொன்று கணக்கிட்டது. 60 கிலோ உள்ளவருக்கு அது 480 கிலோ.

நாரியில் உள்ள முள்ளெலும்புகள் ஒவ்வொன்றும் ஓரிரு பாகைதான் திரும்பும். உடல் சுழலுவது இடுப்பு மூட்டாலும் நெஞ்சுப் பகுதியாலும்தான். இடுப்பு இறுகிப்போனால் அந்தத் திருப்பத்தை நாரி ஏற்க வேண்டிவரும்.

இதை அளக்க இடுப்பிலும் முதுகிலும் ஒளி தெறிக்கும் சிறு குமிழ்களை ஒட்டுகிறார்கள். சுற்றியுள்ள கமராக்கள் செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை அவற்றைப் படம்பிடிக்கின்றன. பாதத்தின் கீழுள்ள தட்டு, நிலத்தை மிதிக்கும் விசையைப் பதிகிறது. ஆனால் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டின் அழுத்தம் எந்தக் கமராவுக்கும் தெரியாது; கணினி அதை மதிப்பிடுகிறது. 1960களில் சுவீடன் வைத்தியர் நாகெம்சன் வட்டுக்குள்ளேயே ஊசி செலுத்தி அளந்தார். ஊசியோடு யார் கோல்ஃப் அடிப்பது?

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. பக்கவாட்டுச் சாய்வையும் சுழலும் வேகத்தையும் பெருக்கி ஓர் அளவை உருவாக்கினார்கள். நோ உள்ள வீரர்களிலும் இல்லாதவர்களிலும் அது பெரிதாக வேறுபடவில்லை. இத்தனை கருவிகளாலும் பிடிக்க முடியாத நோவை, ஒரு எக்ஸ்ரே படத்தை வைத்து "இல்லை" என்று எப்படிச் சொல்வது?

செயற்கைக் காலின் உயரம் சற்றுப் பிசகினாலும் இடுப்பு சரியும், ஒவ்வொரு அடிக்கும் நாரி ஈடுகொடுக்கும். அதைச் சரிபார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. நாரி எவ்வளவு வளைகிறது என்பதை இயன்மருத்துவர் அளவு நாடாவாலேயே பார்ப்பார்: நிற்கும்போது 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரு புள்ளிகள், குனியும்போது அது 20 ஐத் தாண்ட வேண்டும். அடுத்த கிளினிக்கில் இரண்டையும் பார்க்கும்படி கேட்கச் சொல்லி, சின்னம்மாவின் கொப்பியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.