21இல் உடையும் கணக்கு

ஒன்றிலிருந்து இருபது வரையுள்ள எண்களை ஒன்றோடொன்று பெருக்கினால் 2,432,902,008,176,640,000 வரும். அதை மேலும் 21ஆல் பெருக்கச் சொன்னால், ஜாவாவின் 'லோங்' வகை -4,249,290,049,419,214,848 என்று கூச்சமில்லாமல் விடை சொல்லும். கழித்தல் குறியோடு! குறியுள்ள 64 பிட் எண் 9,223,372,036,854,775,807 வரைதான் போகும். தாண்டினால் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்துவிடும். உயர்தரத்துக்கு ஐசிடி படிக்கும் கெலிஓயாப் பிள்ளை பைதனில் இதே கணக்கைப் போட்டால் 51,090,942,171,709,440,000 என்று சரியாகவே வரும்.

பைதன் பெரிய எண்ணைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கிவைக்கிறது. கூட்டும்போது மிஞ்சுவதை அடுத்த துண்டுக்குக் கடத்துகிறது. பள்ளியில் படித்த அதே முறைதான். பெருக்கல்தான் வில்லங்கம். எண்களை இவ்விரண்டாக வெட்டினால் நான்கு பெருக்கல் வேண்டும். மூன்றே போதும் என்று 1960இல், 23 வயதில், அனத்தோலி கரட்சுபா கண்டுபிடித்தார். எண் பெரிதாகப் பெரிதாக இந்த மிச்சம் பல மடங்காகும்.

புதிய மொழிக்குக் கம்பைலர் எழுதுபவர் இதையெல்லாம் தானே எழுத வேண்டியதில்லை. தொர்ப்யோர்ன் கிரான்லுண்ட் 1991இல் வெளியிட்ட ஜிஎம்பி லைப்ரரி இருக்கிறது. எண்ணின் அளவைப் பார்த்து முறையை மாற்றிக்கொள்ளும். வேகத்தில் அதை மிஞ்சுவது கடினம். இடிப்பது உரிமம்: அதைத் தன் நிரலுக்குள்ளேயே பிணைத்து விற்பவர், வாங்கியவர் லைப்ரரியை மாற்றிப் பிணைத்துக்கொள்ள வழிவிட வேண்டும். ஹாஸ்கெல் மொழியின் ஜிஎச்சி கம்பைலரை இந்தத் தலைவலி நெடுநாள் விடவில்லை. 2021இல் வந்த 9.0 பதிப்பில், ஜிஎம்பியா, ஹாஸ்கெலிலேயே எழுதிய மெதுவான மாற்றா என்று தேர்ந்துகொள்ளும் ஏற்பாட்டைச் சீராக்கினார்கள்.

இலங்கையில் பிறந்த பாலரீனா மொழி வேறு வழி போனது. டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் 2019இல் அதன் 1.0 பதிப்பை வெளியிட்டது. அதன் முழு எண் 64 பிட்தான்; ஆனால் 21ஆல் பெருக்கும்போது பொய் விடை தராமல் நிரலையே நிறுத்திவிடும். காசுக் கணக்குக்கு 34 இலக்கத் தசம வகை உண்டு; ஜாவாவில் ஓடும் பதிப்பு அதற்கு ஜாவாவின் 'பிக்டெசிமல்' வகையைப் பயன்படுத்துகிறது. சாதாரண மிதவைப் புள்ளியில் 0.1உம் 0.2உம் சேர்ந்தால் 0.30000000000000004, இங்கே 0.3. சேவைகளை இணைக்கப் பிறந்த மொழிக்கு இது கெட்டிக்காரத்தனமான முடிவு என்பேன். ரூபாய், சதக் கணக்குக்கு 34 இலக்கம் தாராளம்.

617 இலக்கம் கொண்ட 2048 பிட் ஆர்எஸ்ஏ குறியாக்க எண் இதில் அடங்காதுதான். குறியாக்கம் வேண்டியவர்கள் அதற்கென்றே உள்ள லைப்ரரியிடம் போகட்டும்.