கதவு எண்ணும் ரத்தப் புற்றுநோயும்

அமெரிக்காவில் ஒரு மாநிலப் புற்றுநோய்ப் பதிவேட்டில் எனக்கு வேலை. நோயாளி எவரையும் பார்த்ததில்லை. வயது, இனம், நோய், கண்டறிந்த தேதி, வீட்டு முகவரி எல்லாம் திரைக்கு வரும்; வருமானம் மட்டும் வராது. அதை முகவரியிலிருந்துதான் ஊகிக்கிறோம். அந்த வீடு இருக்கும் வட்டாரத்தில் சராசரியாக 4,000 பேர் இருப்பார்கள். அங்கத்திய வாடகை, படிப்பு, வேலையின்மை, வறுமை எல்லாவற்றையும் கூட்டி ஐந்து படிகளில் ஒன்றில் அதை நிறுத்துவோம். தபால் பெட்டி எண்ணை மட்டும் எழுதியிருந்தால் தலைவலிதான். ஏழைத் தெருவில் குடியிருக்கும் பணக்காரரும் இந்தக் கணக்கில் ஏழைதான். ஓட்டை அளவுகோல், ஆனாலும் அது காட்டுவதைத் தள்ள முடியவில்லை.

சிகாகோவின் ஆறு பெரிய மருத்துவமனைகளில் தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 822 பேரை ஆராய்ந்து 2022இல் ஒரு கட்டுரை வந்தது. வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் இந்நோய்க்கு அதிகம் பலியானார்கள். வட்டாரத்தின் நிலையைக் கணக்கில் சேர்த்ததும் அந்த வித்தியாசம் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிட்டது. நல்ல மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களுக்கே இப்படி என்பதுதான் எனக்கு உறுத்தல்.

குழந்தைகளுக்கு வரும் லிம்போபிளாஸ்டிக் வகை ரத்தப் புற்றுநோய்க்கு மெர்காப்டோபியூரின் மாத்திரையை வீட்டிலேயே சுமார் இரண்டு வருடம் தினமும் கொடுக்க வேண்டும். நூற்றுக்கு ஐந்து வேளைக்கு மேல் தவறினாலே நோய் திரும்பும் ஆபத்து கூடுகிறது. அம்மாவுக்கு இரவு ஷிப்ட், மருந்துக்கடைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும் என்றால் மாதத்தில் இரண்டு வேளை தவறாதா?

எல்லாம் மரபணு என்பவர்களுக்கு முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளைக் காட்டுவேன். மல்டிபிள் மைலோமா என்னும் ரத்தப் புற்றுநோய் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு இரு மடங்கு வருகிறது. ஆனால் சிகிச்சை எல்லோருக்கும் எட்டும் அந்த மருத்துவமனைகளில், 65 வயதுக்குட்பட்ட கறுப்பினத்தவரில் பாதிப் பேர் 7 ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார்கள் என்கிறது 2019 ஆய்வு. வெள்ளையரில் அந்த அளவு 5.8 ஆண்டு.

மரபுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குக் கொடையாளர் பட்டியலில் முழுப் பொருத்தமானவர் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையருக்கு 79%, கறுப்பினத்தவருக்கு 29%. இப்போது பாதிப் பொருத்தமுள்ள மகனோ தங்கையோ கொடுத்தாலும் போதும். ஆனால் மாற்று சிகிச்சைக்குப் பின் சுமார் 100 நாள் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்க வேண்டும், துணைக்கும் ஒருவர் வேண்டும். அந்தத் துணைக்கு மத்திய அரசின் சட்டம் தரும் விடுப்பு 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல். 50 பேருக்கும் குறைவாக வேலை செய்யும் தனியார் நிறுவனமென்றால் அதைக்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.