வானத்தை மட்டும் நம்ப முடியுமா?

புது தில்லி: தில்லி விமான நிலையத்தை நெருங்கிய சில விமானங்களுக்குப் போலி ஜி.பி.எஸ். சமிக்ஞைகள் வந்ததாக மாநிலங்களவையில் மத்திய அரசு 2025 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. தரையிலுள்ள வழக்கமான வழிகாட்டிக் கருவிகள் இயங்கிய மற்ற ஓடுபாதைகளில் பாதிப்பு இல்லை என்றும் அப்பதிலில் கூறப்பட்டது.

சாலை வாகனங்களுக்கு இத்தகைய தரைத்துணை கிடையாது. ஹிமாசலப் பிரதேசத்தில் 9.02 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை போன்ற இடங்களில், மலையைத் துளைத்துச் செயற்கைக்கோள் சமிக்ஞை வராது. உயர்ந்த கட்டடங்களுக்கிடையே அது சுவர்களில் பட்டுத் திரும்பி, தவறான இடத்தைக் காட்டும்.

இதற்கு மாற்றாக ஆராயப்படுவது ரேடாரும் பிரதிபலிப்புப் பலகைகளும் இணைந்த முறை. வாகன ரேடாரின் அலை, சாலையோரப் பலகையில் பட்டுத் திரும்பும். பலகையிலுள்ள நுண் உறுப்புகளை மின்னணு முறையில் மாற்றியமைத்து, அலையை வாகனத்தை நோக்கியே திருப்பலாம். ஒவ்வொரு பலகைக்கும் தனி அடையாளமும் தரலாம். பலகை இருக்கும் இடம் முன்பே தெரியுமாதலால், தூரத்தையும் கோணத்தையும் கொண்டு வாகனம் தன் இருப்பிடத்தைத் தானே கணக்கிடும்.

வாகன ரேடாருக்கான 76-77 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என 2015-லேயே விதி வகுக்கப்பட்டது. ஆனால், ரேடார் வாகனத்தில் இருக்கும். பலகையோ பொதுச்சாலையில் இருக்க வேண்டும். அதை யார் நிறுவுவது, யார் பராமரிப்பது, எல்லா நிறுவனங்களின் வாகனங்களுக்கும் பொருந்தும் பொதுத் தரம் எது என்பவற்றைச் சந்தை முடிவு செய்ய இயலாது. அப்பொறுப்பு அரசையே சாரும்.