நஹானிக்குப் போகும் வழி

1927 கோடையில் நஹானி ஆற்றைத் தேடிப் போனவர்களுக்குச் சாலை என்று எதுவும் கிடையாது. கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில், யூகான் எல்லையை ஒட்டிய மலைகளில் பிறந்து லியார்ட் ஆற்றில் சேரும் ஆறு அது. தெற்கே ரயில் தண்டவாளம் முடிந்த இடத்துக்கு அப்பால் ஆறுகளும் ஏரிகளும்தான் வழி. லண்டன் வங்கி வேலையை விட்டுவிட்டுக் கனடாவில் குடியேறியிருந்த ஆர். எம். பேட்டர்சன் அந்த ஆண்டு கனூவில் அங்கே போய்ச் சேர்ந்தார். தங்கம் தேடி வந்த ஆல்பர்ட் ஃபேலியும் அதே கோடையில் அதே ஆற்றில் இருந்தார். இருவரும் நீரோட்டத்தை எதிர்த்து மேலே ஏறியவர்கள். ஆழம் குறைந்த இடத்தில் கழி ஊன்றினார்கள்; ஊன்ற முடியாத இடத்தில் கரையில் நடந்தபடி கயிறு கட்டிப் படகை இழுத்தார்கள். பேட்டர்சன் பின்னர் எழுதிய ‘தி டேஞ்சரஸ் ரிவர்’ என்ற புத்தகம்தான் இந்த ஆற்றை வெளியுலகுக்குக் கொண்டு போனது. ஃபேலி 1970-களின் தொடக்கத்தில் இறக்கும் வரை அந்தத் தங்கத்தைத் தேடிக்கொண்டேயிருந்தார்.

அந்தக் காலத்துத் திட்டம் முழுவதும் எடைக் கணக்கு. மாவு, தேயிலை, தோட்டா. மற்றதைக் காடு தரும் என்ற நம்பிக்கை. பயத்துக்கும் குறைவில்லை. தங்கம் தேடிப் போன மெக்லியோட் சகோதரர்களின் உடல்கள் 1908-இல் தலையில்லாமல் கிடைத்த பள்ளத்தாக்குக்கு ‘டெட்மென் வேலி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் வெளியார் அஞ்சி நுழைந்த இந்த ஆறு, தேனே மக்களுக்குப் பழகிய போக்குவரத்துப் பாதை. குளிர்காலம் முழுவதும் மலையில் வேட்டையாடிவிட்டு, வசந்தத்தில் மூஸ் மான் தோல்களைச் சேர்த்துத் தைத்து, ஸ்ப்ரூஸ் மரச் சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய பெரிய படகுகளில் குடும்பத்தோடும் நாய்களோடும் வணிகச் சாவடிக்கு இறங்குவார்கள். கீழே வந்ததும் படகைப் பிரித்துவிடுவார்கள். தோல் மறுபடியும் தோலாகிவிடும். நஹானியின் கதையைப் பேட்டர்சனிலிருந்து தொடங்குகிறவர்கள், ஆற்றை அறிவோடு பயன்படுத்தியவர்களை விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை. இன்று இந்த ஆற்றின் வர்ஜீனியா அருவிக்கு நைலிச்சோ என்ற தேனே பெயரும் வழக்கில் இருக்கிறது, ஆற்றைச் சூழ்ந்த பூங்காவின் நிர்வாகத்தில் தெஹ்சோ தேனே மக்களுக்கும் பங்கு உண்டு என்பதில் ஓரளவு ஆறுதல்.

பூங்கா பிறந்தது 1972-இல். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிரதமர் பியேர் ட்ரூடோ இந்த ஆற்றில் பயணம் செய்திருந்தார். 90 மீட்டருக்கு மேல் உயரமான, நயாகராவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு உயரத்திலிருந்து விழும் வர்ஜீனியா அருவியில் மின்சாரம் எடுக்கும் யோசனை அப்போது உயிரோடு இருந்தது. அது கைகூடியிருந்தால் இன்று அங்கே போக யாரும் திட்டம் போட்டிருக்க மாட்டார்கள். 1978-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் முதல் பட்டியலில் நஹானியும் இடம்பெற்றது. ஆற்றை ஒட்டிய பட்டையாகத் தொடங்கிய பூங்கா 2009-இல் சுமார் 30,000 சதுர கிலோமீட்டராக விரிந்தது.

இப்போதும் பூங்காவுக்குள் பொதுச் சாலை இல்லை. ஆனால் வாரக்கணக்கில் கழி ஊன்றி ஏறிய தூரத்தை, ஃபோர்ட் சிம்சன் என்ற ஊரிலிருந்து கிளம்பும் மிதவை விமானம் சில மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறது. மேலே இறங்கி, நீரோட்டத்தோடு கீழே வருவதுதான் இன்றைய வழக்கம். முன்பதிவு, கட்டணம், உள்ளே போகும்போது பெயர்ப் பதிவு, வெளியே வந்ததும் மறுபடியும் தகவல் என எல்லாவற்றுக்கும் முறை வந்துவிட்டது. வேட்டைத் துப்பாக்கி இருந்த இடத்தில் கரடி விரட்டும் ஸ்ப்ரேயும், கரடி திறக்க முடியாத உணவுப் பீப்பாயும். செயற்கைக்கோள் கருவி வழியாகக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம். எடைக் கணக்கு மட்டும் போகவில்லை. இப்போது அதைப் போடுகிறவர் விமானி. ஆர்வி எனும் வீட்டு வண்டியின் கூரையில் கட்டிச் சுமந்து வந்த சொந்தக் கனூ சிறிய விமானத்தில் ஏறாமல் போகலாம். அதனால் பலர் மடக்குக் கனூ கொண்டு போகிறார்கள், அல்லது அங்கேயே வாடகைக்கு எடுக்கிறார்கள். அருவியைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு மேல் எல்லாவற்றையும் முதுகில் சுமக்கும் வேலையை எந்தக் காலமும் குறைக்கவில்லை. அதற்குக் கீழே செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே ஆறு ஓடுகிறது. அங்கே பேட்டர்சன் பார்த்ததையே இன்று போகிறவரும் பார்க்கிறார்.

உண்மையில் மாறியது சாலை. 1970-ஐ ஒட்டி மெக்கென்சி நெடுஞ்சாலை ஃபோர்ட் சிம்சனை எட்டியது. 1984-இல் லியார்ட் நெடுஞ்சாலை திறந்ததும், ஃபோர்ட் நெல்சனிலிருந்து அலாஸ்கா நெடுஞ்சாலையில் வருகிறவர்களுக்கும் வழி கிடைத்தது. ஓய்வு பெற்ற தம்பதியர், படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் கொண்ட ஆர்வியை ஓட்டிக்கொண்டு, ஒரு காலத்தில் வெளியாரில் பெரும்பாலும் காவல்துறையினரும் வணிகர்களும் வந்த இடத்துக்கு வந்து நின்றார்கள். லியார்ட் ஆற்றங்கரையில் உள்ள பிளாக்ஸ்டோன் பூங்காவில் வண்டியை நிறுத்தலாம். நஹானியில் இறங்கி வரும் கனூக்காரர்கள் கரையேறும் இடமும் அதுவே. இவ்வளவு வசதியாக ஆறும் சாலையும் சந்திக்கும் இடம் வடக்கில் அதிகம் இல்லை. லியார்ட் சாலை பெரும்பாலும் சரளைக்கல். அதனால் கூடுதலாக இரண்டு டயர் வேண்டும். நடுவில் எரிபொருள் கிடைக்கும் ஊர் ஃபோர்ட் லியார்ட் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டு கிளம்புவது நல்லது. ஃபோர்ட் சிம்சனுக்குள் நுழைய லியார்ட் ஆற்றைப் படகுச் சேவையில் கடக்க வேண்டும். பனி உறையும்போதும் உடையும்போதும் அது ஓடாது.

இதெல்லாம் பத்து ஆண்டுகளுக்கு முன்பு போதுமான தயாரிப்பாக இருந்தது. இன்று போதாது. 2021 மே மாதம் பனிக்கட்டிகள் ஆற்றை அடைத்ததால் வெள்ளம் புகுந்து, ஃபோர்ட் சிம்சன் மக்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். 2023 ஆகஸ்டில், ஆல்பர்ட்டாவிலிருந்து வடக்கே வருகிற எந்த ஆர்வியும் கடந்தாக வேண்டிய என்டர்பிரைஸ் என்ற சிற்றூரைக் காட்டுத்தீ ஏறக்குறைய முழுதாக எரித்தது. அதே மாதம் யெல்லோநைஃபில் இருந்து சுமார் 20,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். 2024 மே மாதம், மறுபக்கத்து வாசலான ஃபோர்ட் நெல்சனும் தீக்குப் பயந்து காலி செய்யப்பட்டது. ஓராண்டுக்குள் இரண்டு வழிகளும் தீயின் பாதையில் இருந்திருக்கின்றன. பேட்டர்சனுக்கு ஆறு நிச்சயமற்றது. நமக்கு ஆற்றின் வரைபடமும் நீர்மட்டமும் கையில் இருக்கின்றன. அங்கே போய்ச் சேரும் சாலைதான் நிச்சயமற்றதாகிவிட்டது.

ஆகவே, இப்போது திட்டமிடுகிறவர் உபரி நாட்களை ஆற்றுக்கு மட்டும் ஒதுக்கினால் போதாது. சாலையின் இரு முனைகளிலும் ஒதுக்க வேண்டும். விமானம் பதிவு செய்யும்போதே, புகையால் பறக்க முடியாவிட்டால் பணமும் தேதியும் என்னாகும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிளாக்ஸ்டோனில் வண்டியை நிறுத்தும் முன் எரிபொருள் தொட்டியை நிரப்பிவிட வேண்டும். இரண்டு வாரம் கழித்துக் கரையேறும்போது எந்தத் திசையில் சாலை திறந்திருக்கும் என்று கிளம்பும் அன்று சொல்ல ஆளில்லை.