வெந்த சதையைத் தின்னும் அன்னாசி! கத்தி இல்லாமல் தீப்புண் வைத்தியம்

அன்னாசிப்பழம் நிறையத் தின்றால் நாக்கு எரியும். "உப்பு தொட்டுத் தின்னுடா" என்று வீட்டில் பெரியவர்கள் சத்தம் போடுவார்கள்.

நாம் அன்னாசியைத் தின்னும்போது, அன்னாசி நம் நாக்கைத் தின்கிறது. அதுதான் விஷயம்!

அன்னாசியில் புரோமிலைன் என்று ஒரு என்சைம் இருக்கிறது. புரதத்தைத் துண்டு துண்டாக அறுத்துப் போடுவது அதன் வேலை. இந்தச் சரக்கைத்தான் டாக்டர்கள் இப்போது தீப்புண்மேல் பூசுகிறார்கள்.

அடியில் கிருமி குடித்தனம்

ஆழமாக வெந்த இடத்தில் தோல் செத்துவிடும். வெளுத்தோ, கறுத்தோ, செருப்புத் தோல் மாதிரி விறைப்பாக ஒட்டிக்கொண்டு நிற்கும். "புண் காஞ்சு போச்சு, பொருக்கு கட்டிடுச்சு" என்று வீட்டில் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு.

காயவில்லை. அடியில் கிருமி குடித்தனம் நடத்துகிறது. அது ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

கையைச் சுற்றி வெந்துவிட்டால் இன்னொரு வம்பு. உள்ளே சதை வீங்கும். மேலே செத்த தோல் விரிந்து கொடுக்காது. கயிறு போட்டு இறுக்கியதுபோல ரத்த ஓட்டம் நின்றுவிடும். டாக்டர் உடனே கீறிவிட்டு இறுக்கத்தைத் தளர்த்தாவிட்டால் விரல்கள் போய்விடும்.

பழைய காலத்தில் இந்தப் பொருக்கு தானாகக் கழன்று விழட்டும் என்று வாரக் கணக்கில் காத்திருந்தார்கள். அதற்குள் பலர் போய்ச் சேர்ந்தார்கள். இந்த வழக்கத்தை உடைத்தவர் அன்றைய யூகோஸ்லாவியாவில் மாரிபோர் நகரத்துப் பெண் டாக்டர் சோரா யான்செகோவிச். சில நாட்களுக்குள் செத்த தோலை மெல்லிசு மெல்லிசாகச் சீவினார். ரத்தம் கசியும் நல்ல தோல் தெரிந்ததும், உடம்பில் வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டினார். 1970-ல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகமே அந்த வழிக்கு வந்தது.

ஆனால் சீவினால் ரத்தம் கொட்டும். செத்ததோடு நல்லதும் கொஞ்சம் போகும். தொடையில் என்றால் சமாளிக்கலாம். புறங்கையில்? விரல் இடுக்கில்? அங்கே தோல் மெல்லிசு. கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனாலும் தொல்லை. தராசு பிடிக்கிற கடைக்காரருக்கும், கம்ப்யூட்டர் தட்டுகிற குமாஸ்தாவுக்கும் கைதானே சோறு போடுகிறது!

நாலு மணி நேரம்

இங்கேதான் அன்னாசி வருகிறது. பழம் அல்ல. அறுவடைக்குப் பிறகு தோட்டத்தில் மிஞ்சும் தண்டு! தண்டில் இந்த என்சைம் ஏராளமாக இருப்பதை 1957-ல் ஹைனிக்கி என்ற விஞ்ஞானி எழுதினார். அதைத் தீப்புண் மருந்தாக்கப் பாடுபட்டவர் இஸ்ரேல் பிளாஸ்டிக் சர்ஜன் லியோர் ரோசன்பர்க். மருந்தின் பெயர் நெக்சோபிரிட்.

பொடியையும் பசையையும் நோயாளி பக்கத்திலேயே கலக்க வேண்டும். கலந்த 15 நிமிஷத்துக்குள் பூசிவிட வேண்டும். காயத்தைச் சுற்றி வாசலின் மாதிரி பசையால் வரப்பு கட்டி, உள்ளே மருந்தைப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடுகிறார்கள். நாலு மணி நேரம் கழித்துத் தாளை எடுத்தால் செத்த தோல் கூழாகக் கிடக்கும். வழித்து எடுத்துவிட வேண்டியதுதான். உயிருள்ள தோலை மருந்து பெரும்பாலும் விட்டுவிடுகிறது.

வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நன்றாகவே வலிக்கும். பலமான வலி மருந்து கொடுத்துவிட்டுத்தான் பூசுகிறார்கள்.

கூழை வழித்த பிறகு அடியில் வெள்ளைத் தோலில் ரத்தப் புள்ளிகள் தெரிந்தால் நல்ல சேதி. தானாக ஆற வாய்ப்பு உண்டு. கொழுப்பு தெரிந்தால் தோல் ஒட்டியே ஆக வேண்டும்.

2014-ல் வெளியான ஒரு சோதனைக் கணக்கு: வழக்கமான வைத்தியத்தில் 100 காயங்களில் 70-ஐக் கத்திக்கு உட்படுத்த வேண்டியிருந்தது. இந்த மருந்தில் சுமார் 25-ஐத்தான். ஐரோப்பா 2012-ல் அனுமதித்தது. அமெரிக்கா 10 வருஷம் யோசித்து, 2022-ல் பெரியவர்களுக்கும் 2024-ல் குழந்தைகளுக்கும் அனுமதித்தது.

எல்லோருக்கும் ஆகாது. அன்னாசி, பப்பாளி ஒவ்வாதவர்களுக்குக் கூடாது. ஆசிட் பட்ட காயத்துக்கும் கூடாது. விரல்களோடு சேர்த்து உங்கள் உள்ளங்கை அளவு என்பது உடம்பில் சுமார் ஒரு சதவீதம். ஒரே தடவையில் 15 சதவீதத்துக்கு மேல் பூசுவதில்லை.

பப்பாளிக்குத் தடை

"கறி வேகலையா? ஒரு துண்டு பப்பாளிக்காய் போடு" என்பது நம்ம ஊர் சமையல் ரகசியம். அதுவும் இதே வேலைதான். பப்பாளிப் பாலில் இருப்பது பப்பெயின். இதற்காகவே கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ.2, கோ.5 ரகங்களைக் கொடுத்தது. பச்சைக் காயில் கீறல் போட்டுப் பால் வடிப்பார்கள்.

பப்பெயினும் யூரியாவும் கலந்த களிம்பு ஆறாத புண்களுக்கு வெகு காலம் பயன்பட்டது. சிலருக்கு ஒவ்வாமையில் ரத்த அழுத்தம் சரிந்து, இதயம் படபடத்தது. முறையான அனுமதியும் இல்லை என்று 2008-ல் அமெரிக்கா அதை நிறுத்தச் சொல்லிவிட்டது.

மூன்றாவது ஆசாமி கொலாஜினேஸ். இதைச் சுரப்பது ஒரு கிருமி! சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குத் தினமும் பூசுவார்கள். ஆமை வேகம். வாரக் கணக்கில் ஆகும்.

இதைப் படித்துவிட்டு யாரும் தீப்புண்மேல் அன்னாசிச் சாறு பிழிந்துவிட வேண்டாம்! பழத்தில் அளவும் கிடையாது, சுத்தமும் கிடையாது. பற்பசை, இங்க், தோசை மாவு எதுவும் ஆகாது. குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் ஓடவிட்டுக் காட்ட வேண்டும். ஐஸ் கூடாது. மோதிரம், வளையலை அப்போதே கழற்றிவிட வேண்டும். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.