சினைப்பையில் நீர்க்கட்டி: ஸ்கேன் அறிக்கையைக் கண்டு அஞ்ச வேண்டுமா?

வயிற்று வலிக்காகவோ வேறு காரணத்துக்காகவோ எடுக்கப்படும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அறிக்கையில் 'ஓவரியன் சிஸ்ட்', 'அட்னெக்சல் சிஸ்ட்' என்ற சொற்களைக் கண்டதும் பலரிடம் எழும் முதல் கேள்வி, இது புற்றுநோயா என்பதுதான். மாதவிடாய் நிற்காத வயதில் உள்ள பெண்களுக்குப் பெரும்பாலும் இல்லை என்பதே பதில்.

ஒவ்வொரு மாதவிடாய் சுழற்சியிலும் சினைப்பையில் முட்டையைத் தாங்கிய சிறு நீர்ப்பை வளர்ந்து, ஏறத்தாழ 2 செ.மீ. அளவை எட்டியதும் வெடித்து முட்டையை வெளியேற்றுகிறது. சில மாதங்களில் அது வெடிக்காமலேயே வளரும். அல்லது வெடித்த பின் மூடிக்கொண்டு, உள்ளே நீரோ இரத்தமோ தேங்கும். இவ்வகைக் கட்டிகள் பெரும்பாலும் 2 அல்லது 3 சுழற்சிகளுக்குள் தாமாகவே மறைந்துவிடுகின்றன. கருத்தடை மாத்திரை உட்கொண்டால் அவை விரைவில் கரையும் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் உறுதி செய்யவில்லை. பேச்சு வழக்கில் 'நீர்க்கட்டி' எனப்படும் பிசிஓஎஸ் வேறு. அதில் காணப்படுபவை முதிர்ச்சியடையாத நீர்ப்பைகளே.

சினைப்பை, கருக்குழாய், அவற்றைச் சுற்றியுள்ள திசுக்கள் ஆகியவை சேர்ந்த பகுதியே 'அட்னெக்ஸா'. எனவே அங்குள்ள கட்டி சினைப்பையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கருக்குழாயில் நீர் கோத்திருந்தாலும் ஸ்கேனில் கட்டி போலத் தெரியும். மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணாக இருப்பின், கருக்குழாயில் கரு தங்கியுள்ளதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

எப்போது சிகிச்சை தேவை?

கொழுப்பு, முடி, சில வேளைகளில் பல்கூட அடங்கிய 'டெர்மாய்டு' கட்டியும், எண்டோமெட்ரியோசிஸ் நோயால் பழைய இரத்தம் தேங்கி உருவாகும் 'சாக்லேட்' கட்டியும் பொதுவாகத் தாமாக மறைவதில்லை. வெறும் நீர் நிறைந்த கட்டிகளுக்கு அளவே முக்கியம். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு, 5 செ.மீ.க்குக் குறைவான இத்தகைய கட்டிக்குத் தொடர் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை; 5 முதல் 7 செ.மீ. வரை எனில் ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேன்; அதற்கு மேற்பட்டால் எம்ஆர்ஐ அல்லது அறுவை சிகிச்சை குறித்து ஆராயலாம் என்பது பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

கட்டிக்குள் திடப்பகுதி இருப்பது, வயிற்றில் நீர் சேர்வது ஆகியவை கவனத்துக்குரியவை. மாதவிடாய் நின்ற பின் தென்படும் கட்டிகளையும் கூடுதல் கவனத்துடன் ஆராய வேண்டும். இதற்காகச் செய்யப்படும் 'சிஏ-125' இரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து முடிவெடுக்க இயலாது. எண்டோமெட்ரியோசிஸ், மாதவிடாய் நாட்கள், ஏன், இந்தியாவில் பரவலாக உள்ள காசநோய் வயிற்றைத் தாக்கினால்கூட அதன் அளவு உயரும்.

அறுவை சிகிச்சை தேவைப்பட்டாலும், புற்றுநோய்க்கான ஐயம் இல்லாத இளம்பெண்களுக்கு லேப்ராஸ்கோப்பி முறையில் கட்டியை மட்டும் அகற்றிச் சினைப்பையைக் காப்பதே நோக்கம். சினைப்பையையும் எடுக்க வேண்டுமா, ஏன் என்று மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் உரிமை. பிகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையின்றிக் கருப்பைகள் அகற்றப்பட்டதாகத் தொடரப்பட்ட வழக்கில், அவற்றைத் தடுப்பதற்கான மத்திய அரசின் வழிகாட்டுதல்களை 3 மாதங்களுக்குள் ஏற்குமாறு மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டதை இங்கே நினைவுகூரலாம்.

காத்திருக்கக் கூடாத வலி

அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் திடீரெனக் கடும் வலியும் அதனுடன் வாந்தியும் ஏற்பட்டால், கட்டியின் எடையால் சினைப்பை முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம். வலியுடன் மயக்கம் வருவது உள்ளே இரத்தம் கசிவதன் அறிகுறியாக இருக்கலாம். வாயுத் தொல்லை என எண்ணி வலி மாத்திரையுடன் இரவைக் கழிக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உரிய நேரத்தில் முறுக்கை நீக்கினால், கருத்துப்போய்த் தோன்றும் சினைப்பையும் பல நேரங்களில் மீண்டும் இயங்கத் தொடங்குகிறது.