பின்னச்சின் மின்பூட்டும் அதன் பிணிகளும்

நீலகிரித் தோட்டங்களிற் பறிக்கப்படும் தேயிலைக் கொழுந்து அன்றே ஆலை சேர்தல் வேண்டும். மூட்டையில் நெடுநேரம் அழுந்திக் கிடப்பின் அது வெம்பிச் சிவக்கும். தேநீரின் சுவையுங் கெடும். ஆதலின் மழையாற் செம்மண் குழைந்து கிடக்கும் நாளிலும் தோட்டத்து வண்டிகள் சரிவுகளில் ஏறி இறங்கியே தீரவேண்டும். அப்போது பின்சக்கரங்களுள் ஒன்று சேற்றில் வீணே சுழல, மற்றொன்று கல்லின்மேல் அசையாது நிற்பதை மலைநாட்டார் நன்கறிவர். இவ்விடரைத் தீர்க்க வந்ததே பின்னச்சின் மின்பூட்டு. அது தொழிற்படாதபோது குற்றத்தை எவ்வாறு ஆராய்வது என்பதே ஈண்டு நாம் கூறப்புகுவது.

மாட்டுவண்டியின் சக்கரங்கள் அச்சிலே தனித்தனியே சுழல்வன. வளைவில் வெளிச்சக்கரம் மிகுதியும் உட்சக்கரம் குறைவும் ஓடுவதால் அங்கு ஒரு தொல்லையுமில்லை. இயந்திரம் ஒன்றே இரு சக்கரங்களையும் உந்தத் தொடங்கிய பின்னரே சிக்கல் பிறந்தது. பிரான்சு நாட்டுப் பெக்கர் என்பார் 1827ஆம் ஆண்டில் உரிமை பெற்ற பற்சக்கரத் தொகுதியே அதற்கு விடையாயிற்று. அதனையே இன்று டிபரன்ஷியல் என்கிறோம். அஃது இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் ஓடவிடும். ஆயினும் இருபுறத்திற்கும் ஒத்த விசையையே பகிர்ந்தளிக்கும். ஒரு சக்கரம் சேற்றிற் பிடிப்பிழந்தால், மற்றதும் அவ்வற்ப விசையளவே பெற்று வாளா நிற்கும். நீதியின் பெயரால் நேரும் அநீதி இது!

பூட்டானது இவ்விரண்டையும் ஒன்றாகப் பிணித்துவிடும். 2020ஆம் ஆண்டில் வெளிவந்த மகிந்திரா தார் வண்டியின் சில வகைகளில் அமைந்தது இயந்திரப்பூட்டு. இரு சக்கரங்களின் சுழற்சி நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 சுற்று வேறுபட்டவுடன் தானே பூட்டிக்கொள்ளும். 2024ஆம் ஆண்டின் தார் ராக்ஸ் வண்டியின் சில வகைகளிலோ ஓட்டுநர் பொத்தானை அழுத்த, மின்சாரத்தாற் பூட்டு விழுகிறது. மின்பூட்டுக்களுள் ஒரு சாரார் மின்சுருளைக் காந்தமாக்கிப் பூட்டு முனைகளை எழச் செய்வர். மற்றொரு சாரார் சிறு மோட்டாராற் கவையை நகர்த்துவர். எவ்வகையாயினும் முனையும் துளையும் நேர்ப்பட்டாலன்றிப் பூட்டு விழாது. எனவே பொத்தானை அழுத்தியதும் விளக்குச் சிலபொழுது மினுக்குதல் குற்றமன்று. வண்டியைச் சில கெசம் மெல்ல நகர்த்திச் சற்றே திருப்பினால் முனை பொருந்தி விளக்கு நிலைக்கும்.

இனிக் கிரௌன் பினியன் மாற்றிய வண்டியின் நிலையைக் காண்போம். பெரிய டயர் பூட்டியோர் இழந்த இழுவையை மீளப் பெற இப்பற்களை மாற்றுவதுண்டு. 11 பல் பினியனும் 41 பல் கிரௌனும் இருந்த இடத்தில் 9க்கு 41 வைத்தால், விகிதம் 3.73இலிருந்து 4.56 ஆகும். மாற்றியபின் பூட்டு விழவில்லையெனின் உடனே ஹவுசிங்கைத் திறந்துவிடுதல் மெக்கானிக்குகள் சிலரின் வழக்கம். நம் கருத்தில் அது கடைசியிற் செய்யற்பாலது.

முதற்கண் வண்டியின் கணிப்பொறி பூட்டுதற்கு இசைகிறதா என்று காண்க. பல வண்டிகளில் தாழ்ந்த நான்குசக்கர ஓட்டத்திலும் மிகக் குறைந்த வேகத்திலுமே அது இசையும். வேகத்தைக் கியர்பெட்டியின் வெளித்தண்டில் அளக்கும் வண்டியில், டயர் மாறாதிருக்கப் பல்விகிதம் மட்டும் மேற்கூறியவாறு மாறினால், உண்மையில் 40 கிலோமீட்டர் ஓடுங்கால் முள் ஏறத்தாழ 49 காட்டும். புதிய விகிதத்தைக் கணிப்பொறிக்கு அறிவியாவிடின் அது வேகம் மிகுந்ததென்று மயங்கிப் பூட்ட மறுத்தல் கூடும். பல்லிலோ பூட்டிலோ பழுதே இராது.

அடுத்து மின்னோட்டம். பியூஸ், ரிலே இவற்றைப் பார்த்தபின், அச்சின்மேலுள்ள இணைப்பிற் பொத்தானை அழுத்துங்கால் 12 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரால் அளக்க. வருமாயின், இணைப்பைக் கழற்றிச் சுருளின் தடையை அளக்க. தடை எல்லையற்றுக் காட்டின் கம்பி அறுந்தது. கம்பிக்கும் இரும்பு உடலுக்கும் தொடர்பு காட்டின் உறை தேய்ந்து மண்ணோடு சேர்ந்தது. பற்களை மாற்றுவோர் தொகுதி முழுவதையும் வெளியே எடுப்பர். திரும்ப வைக்குங்கால் மெல்லிய கம்பி பேரிங் மூடியின்கீழ் நசுங்கலாம். கிரௌன் சக்கரத்தில் உராயலாம். சுருளைச் சுழலாது நிறுத்தும் காது தன் இடத்தில் அமராதிருக்கலாம். இத்தகைய கோளாறுகளை முதலில் ஐயுறுதல் தகும்.

பூட்டு விழுந்தும் விளக்கு மட்டும் பொய் கூறுவதுண்டு. இதனைச் சோதிக்கச் சமதரையில் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்சக்கரம் இரண்டையும் தூக்கித் தாங்கிகளில் நிறுத்திக் கியரை நடுநிலையில் வைக்க. பூட்டு விழுந்திருப்பின் ஒரு சக்கரத்தைக் கையாற் சுழற்ற மற்றதும் அதே திசையிற் சுழலும். அவ்வாறு சுழன்றும் விளக்கு நிலையாதெனின் குற்றம் உணர்வியிலோ அதன் கம்பியிலோ உள்ளது. இதனை அற்பமெனல் ஆகாது. பூட்டு விழுந்தபடியே, விளக்கு அறிவியாது, ஒருவர் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டையூசி வளைவுகளுள் ஒன்றில் இறங்குவாராயின் வண்டி திரும்ப மறுத்து நேரே செல்ல முனையும். அங்கு நேரே இருப்பது பள்ளம்.

நான்கு சக்கரமும் உந்தும் வண்டியில் பின்னச்சின் விகிதத்தை மட்டும் மாற்றி முன்னச்சை விட்டுவிடுதல் பெரும் பிழை. இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்க, உலர்ந்த சாலையில் ஏதேனும் ஒரு தண்டு முறியும்.

புதிய பற்கள் ஒன்றோடொன்று பழகும் முதல் 800 கிலோமீட்டர் அளவில் நுண்ணிய இரும்புத்துகள் உதிர்ந்து எண்ணெயிற் கலக்கும். மின்காந்தம் அதனை ஈர்த்துத் தன் முகத்திற் பூசிக்கொள்ளுமாதலின், அதன்பின் எண்ணெயை மாற்றிவிடுக. வடிதிருகில் ஒட்டியது சாம்பல்நிறச் சேறாயின் அஞ்சவேண்டா. விளிம்புடைய சில்லுகள் காணப்படின், அப்போது ஹவுசிங்கைத் திறக்கலாம்.